கற்றூணும் முக்காலியும்

தை மாதத்து இரவு, மணி ஒன்பதரை இருக்கும். பம்மலில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வெளிச்சம் கிழக்கு வானத்தின் அடிப்பகுதியை மஞ்சளாக்கிவிட்டது. ஆனாலும் தலைக்கு மேலே ஓரியன் கூட்டம், இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்களோடு, தெளிவாகவே தெரிகிறது. அதன் வாள் பகுதியில் இருக்கும் ஒளிமுகிலைப் படம் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. கையில் நல்ல கேமரா இருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது. பூமி ஒரு பக்கம் சுழலும்போது கேமராவை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பும் ‘ஸ்டார் டிராக்கர்’ என்னும் கருவியையும் கடன் வாங்கியோ காசு சேர்த்தோ கொண்டுவந்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் ஒளி வாங்கவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். விண்மீன்கள் புள்ளிகளாக இல்லை. ஒவ்வொன்றும் அரிசி போல நீண்டிருக்கிறது. சில இடங்களில் ஒன்று இரண்டாகவும் தெரிகிறது.

லென்ஸைச் சந்தேகிப்போம். டிராக்கரைத் திட்டுவோம். எனக்கு இப்படி நேர்ந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். உண்மைக் குற்றவாளி காலடியில் நின்றுகொண்டிருந்தது: திருமண வீடுகளில் வீடியோ எடுப்பதற்கென்று எப்போதோ வாங்கிய, குச்சிக் கால்கள் கொண்ட டிரைபாட்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்பது நமக்குப் பழைய அளவு. 200 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு விகலை என்பது கேமராவுக்குள் ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய டிஜிட்டல் கேமராவின் ஒரு படப்புள்ளி அதைப்போல நான்கு மடங்கு அகலம் என்று கொண்டால், கேமரா 4 விகலை சாய்ந்தாலே விண்மீன் அடுத்த புள்ளிக்குத் தாவிவிடும். டிரைபாட்டின் கால்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் விரிந்து நிற்கின்றன அல்லவா? அவற்றில் ஒரு கால் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இறங்கினால் போதும், அந்த 4 விகலை வந்துவிடும். உங்கள் தலைமுடி ஒன்றின் கனத்தில் கால் பங்குதான் அது!

ஆகவே விண்மீனைப் படம் பிடிக்கிறவருக்கு முதல் கேள்வி, கருவி எதன்மீது நிற்கிறது என்பதுதான். இந்தக் கேள்வி சென்னைக்குப் புதிதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நுங்கம்பாக்கத்திலும் பரங்கிமலையிலும் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். டிரைபாட் வாங்கக் கடைக்குப் போகுமுன் அவர்களைச் சற்றுச் சந்தித்துவிட்டு வருவோம்.

பத்து டன் பதில்

1786ஆம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். பின்னர் அது கம்பெனியின் கைக்கு வந்தது. கடலோர அளவைப் பணியில் இருந்த மைக்கேல் டாப்பிங் என்பவர், கப்பல்களின் பாதுகாப்புக்கு வானாய்வு தேவை என்று வற்புறுத்தி, நுங்கம்பாக்கத்தில் நிலையான கட்டடம் எழக் காரணமானார். 1792இல் அது முடிந்தது. 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட ஒரே ஒரு கூடம். அவ்வளவுதான் அந்தப் பெரிய பெயருக்கு உரிய கட்டடம்.

ஆனால் கூடத்தின் நடுவே நின்றதைப் பார்க்க வேண்டும். 10 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூண்! அதன்மேல் இருந்த கருவியோ, 12 அங்குல வட்டம் கொண்ட சின்னஞ்சிறு கோணமானி. யானையின் முதுகில் சுண்டெலியை உட்கார வைத்தது போல! ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருகிறவர்களும் இங்கே வானாய்வு தொடங்கிய காலத்தை அறிய வேண்டும் என்ற கருத்தைத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அந்தத் தூணில் செதுக்கி வைத்தார்கள். கருவி போய்விட்டது, கட்டடமும் போய்விட்டது. 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறிவிட்டது. தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

அந்த அசையாமை வீண் போகவில்லை. இந்த இடத்தின் தீர்க்கரேகையைக் கோல்டிங்ஹாம் கணித்தார். அதிலிருந்தே ‘மதராஸ் நேரம்’ பிறந்தது. டெய்லர் என்பவர் 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844இல் பட்டியலாக வெளியிட்டார். கருவி ஆடாது என்ற நம்பிக்கை இல்லாமல் இத்தனை அளவுகளை யார் எடுப்பார்கள்?

கனம்தான் அசையாமைக்கு எளிய வழி. ஆனால் தூணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போக முடியுமா?

பரங்கிமலையிலிருந்து ஒரு நேர்கோடு

போக வேண்டிய கட்டாயம் ஒருவருக்கு வந்தது. அவர்தான் வில்லியம் லாம்டன். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளக்கப் புறப்பட்ட மனிதர். முக்கோண அளவையில் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டால், மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டே கணக்கிடலாம். அந்த முதல் பக்கத்தை அவர் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளந்தார். நீளம் 40,006 அடி. ஏழரை மைல் என்று சொல்லலாம். பம்மல்காரர்களே, உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் பல்லாவரம் மலைக்கு அந்தப் பக்கம், இன்று வீடும் கடையுமாய் நெருங்கிக் கிடக்கும் சமவெளிதான் அது.

அளந்த சங்கிலியின் கதை வேடிக்கையானது. 100 அடி நீளம், எஃகால் ஆனது, இரண்டரை அடி வீதம் 40 கண்ணிகள். மெக்கார்ட்னி பிரபு 1793இல் சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன காணிக்கைகளில் அதுவும் ஒன்று. பேரரசர் அதைப் பொருட்படுத்தவில்லை. தூதுக்குழுவில் இருந்த டின்விடி என்ற விஞ்ஞானியின் வசமாகி, கல்கத்தா வழியாக லாம்டனிடம் வந்து சேர்ந்தது. பேரரசருக்கு அளவைக் கலையில் கொஞ்சம் ஆசை இருந்திருந்தால் நம் பெரும்பாக்கத்துக்கு அந்தச் சங்கிலி வந்திருக்காது!

தரையில் சங்கிலியைப் போட்டு இழுத்தால் மேடு பள்ளத்தில் வளையும். ஆகவே நீண்ட மரப்பெட்டிகளுக்குள் அதைக் கிடத்தி, அந்தப் பெட்டிகளை முக்காலிகள் மீது தாங்க வைத்தார்கள். ஏற்றி இறக்குவதற்குத் திருகுகள். வெயிலில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்று திருத்தம் செய்யப் பெட்டிகளில் வெப்பமானிகள். இந்த எச்சரிக்கை மிகையல்ல. நூறடி எஃகு, வெப்பம் ஒரு சென்டிகிரேடு பாகை கூடினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். நானூறு முறை சங்கிலி போட்டால், அந்த ஒரு பாகைப் பிழை 14 சென்டிமீட்டராக வளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் நம் ஊரில் காலைக்கும் நண்பகலுக்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஏழரை மைல் பிசகினால், அதன்மேல் எழுப்பும் அத்தனை முக்கோணங்களும் பிசகும்.

நான்கு கால் வேண்டாம், மூன்று போதும் என்று ஏன் வைத்தார்கள்? உங்கள் வீட்டு நாற்காலி ஆடும்போது ஒரு காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைக்கிறீர்கள். முக்காலிக்கு அந்த வைத்தியம் தேவைப்பட்டதுண்டா? எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அடுப்புக்கு மூன்று கல் கூட்டிய நம் பாட்டிமார்கள் இந்தக் கேத்திர கணிதத்தைச் சொல்லாமலே பயன்படுத்தினார்கள். கனத்தால் கிடைத்ததை வடிவத்தால் பெறுவது முக்காலியின் தந்திரம்.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

அடுத்து கோணம் அளக்க வேண்டும். அதற்காக லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட் அரை டன் எடை. அதன் கிடைவட்டம் 36 அங்குலம். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் பெருந்தன்மையோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள்.

போருக்குத் தப்பிய கருவி 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அடிபட்டது. சமவெளியில் தென்னையும் பனையும் பார்வையை மறைத்ததால், கோபுரத்தின் உயரத்துக்குக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வட்டம் கோணிவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் போய் அமர்ந்தார். பெரிய பலகை ஒன்றில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டிக்கொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்துக் கோணிய வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த வட்டத்துக்குப் பொருத்தினார். ஆறு வாரம் ஆயிற்று. ஏறத்தாழ பழைய உருவம் திரும்பியது.

வாசகர்களே, இதைத் தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி கனமாக இருக்கட்டும், ஆடாமல் நிற்கும் என்று எண்ணுகிறோம். அந்தக் கனத்தை ஏற்றி இறக்குவதிலேயே அது கெட்டுவிடலாம். அசையாமைக்கும் சுமக்கும் வசதிக்கும் இடையே அன்று நடந்த இழுபறிதான் இன்று உங்கள் தோள்பையிலும் நடக்கிறது.

லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கங்கைச் சமவெளியில் உயர்ந்த கோபுரங்களைக் கட்டினார். இந்திய அளவை நிலையங்களில் பின்பற்றிய ஒரு நுட்பம் நமக்கு மிகவும் பயன்படும். கருவியைத் தாங்கும் நடுத்தூண் தனி. பார்ப்பவர் நிற்கும் மேடை தனி. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஏன் தெரியுமா? கருவியை மிகுதியாக அசைப்பவர் அதை உபயோகிக்கும் மனிதர்தான்!

வானத்தோடு சேர்ந்து திரும்புதல்

இதுவரை சொன்னது கண்ணால் பார்க்கும் காலம். புகைப்படம் வந்ததும் சிக்கல் இரட்டித்தது. கருவி ஆடவும் கூடாது, அதே சமயம் வானத்தோடு சேர்ந்து திரும்பவும் வேண்டும். வானம் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது. 1882இல் தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வுக்கூடத்தில் டேவிட் கில், அந்த ஆண்டின் பெரிய வால்நட்சத்திரத்தைப் படம் பிடிக்க, ஊர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் சாதாரணக் கேமராவைத் தம் தொலைநோக்கியின் மேல் கட்டினார். தொலைநோக்கி வானத்தைத் தொடர்ந்து திரும்ப, அதன் முதுகில் கேமராவும் சவாரி செய்தது. படத்தில் வால்நட்சத்திரத்தோடு எண்ணற்ற விண்மீன்களும் கூர்மையாக விழுந்தன. வானம் முழுவதையும் புகைப்படத்தால் பதியலாம் என்ற சர்வதேசத் திட்டம் 1887இல் பிறக்க அதுவும் ஒரு தூண்டுதல். ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வுக்கூடமும் அதில் பங்கு கொண்டது.

ஏழைகளின் டிராக்கர் 1975இல் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹெய்க் என்பவர் இரண்டு பலகைகளைக் கதவுக் கீல் ஒன்றால் இணைத்து, ஒரு திருகாணியால் விரிய வைக்கும் எளிய அமைப்பை வெளியிட்டார். நீங்களும் செய்யலாம். கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். கீலிலிருந்து 22.9 சென்டிமீட்டர் தள்ளி அதைப் பொருத்தி, கீலின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கையால் திருகிவந்தால் பலகை வானத்தின் வேகத்தில் விரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சில நிமிடங்கள் தாராளமாகத் தாங்கும். இன்று விற்கும் மோட்டார் டிராக்கர் செய்யும் வேலையும் இதுதான், துல்லியம் கூடுதல்.

கடைக்குப் போகலாம்

கேமரா, லென்ஸ், டிராக்கர், எதிர் எடை எல்லாம் சேர்ந்தால் 5 கிலோவை எளிதில் தொடும். அதைத் தாங்க டிரைபாட்டின் பெட்டியில் 5 கிலோ என்று எழுதியிருந்தால் போதாது. அந்த எண் ‘உடையாது’ என்பதற்கான எண், ‘ஆடாது’ என்பதற்கானதல்ல. இரண்டு மூன்று மடங்கு எழுதியிருப்பதைப் பாருங்கள்.

எண்ணைவிடக் குழாயைப் பாருங்கள். ஒரே கனமுள்ள சுவரோடு குழாயின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ 8 மடங்கு கூடும். காலின் நீளம் இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். ஆகவே கட்டைக் கால், பருத்த குழாய். ஐந்தாறு மடிப்புகள் கொண்டு கைக்குட்டை போலச் சுருங்கும் டிரைபாட்டில் கடைசி மடிப்பு சுண்டுவிரல் கனமே இருக்கும். மூன்று மடிப்பே மேல். நடுவில் உயர்த்தும் தண்டு இருந்தால் அதை இறக்கியே வையுங்கள். அதை உயர்த்துவது முக்காலியின் தலையில் ஒற்றைக் காலி ஒன்றை நட்டு வைப்பது போலத்தான்.

அலுமினியமா, கார்பன் இழையா? கார்பன் இழை எடை குறைவு, தட்டினால் அதிர்வும் சீக்கிரம் அடங்கும், விலை அதிகம். என்னைக் கேட்டால், வண்டி வசதி உள்ளவர்களுக்கு நிலம் அளப்பவர்களின் பழைய மர ஸ்டாண்டுக்கு ஈடில்லை. மரம் அதிர்வை விழுங்கும். அதன் தலையில் உள்ள போல்ட் 5/8 அங்குலம். கேமரா உபகரணங்களுக்கு 3/8 அல்லது 1/4 அங்குலம். இடையே ஒரு இணைப்பைப் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரயிலேறி வாணியம்பாடி போய், பஸ் பிடித்து, 1968 முதல் தொலைநோக்கிகள் இயங்கும் காவலூர் இருக்கிற ஜவ்வாது மலைப் பக்கம் இருட்டைத் தேடிப் போகிறவர் அதைச் சுமக்க முடியாது. அவருக்கு இரண்டு கிலோவுக்குள் கார்பன் இழைதான். கனத்தை அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். பையில் கல்லோ தண்ணீர்ப் புட்டியோ நிரப்பி நடுவில் தொங்கவிடுங்கள். பையின் அடி தரையை லேசாகத் தொடட்டும். இல்லாவிட்டால் காற்றில் ஊசலாடி அதுவே படத்தைக் கெடுக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை. கேமராவைப் பொருத்தி, தொலைவில் உள்ள விளக்கு ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். டிரைபாட்டின் காலை விரலால் ஒருமுறை தட்டுங்கள். விளக்கு நடுங்குவது அடங்க எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். இரண்டுக்குள் அடங்கினால் நல்லது. பிறகு தலையைப் பிடித்து இடவலமாக முறுக்கிப் பாருங்கள். பெரும்பாலான டிரைபாட்டுகள் அழுத்தத்துக்குத் தாங்கும்; முறுக்குக்குத்தான் தோற்கும்.

நம் அட்சரேகைக்கு ஒரு குறிப்பு. பம்மலில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் டிராக்கரின் அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். கேமராவின் எடை டிரைபாட்டின் நடுவில் விழாமல் வடக்கே துருத்திக்கொண்டு நிற்கும். லண்டனிலோ பாரிஸிலோ அச்சு நிமிர்ந்து நிற்பதால் அங்கே எழுதிய கையேடுகள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. நாம் அவசியம் ஒரு காலை வடக்கே நீட்டி வைக்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. துருவத்தை நோக்கும் சிறு குழாய் படுத்திருப்பதால், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். கால்களை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வடக்கே மறைத்தால்தான் கஷ்டம்.

இனி மாடி. கான்கிரீட் தளம் கல் போலத் தோன்றும். நீங்கள் நடந்தால் அது வளைகிறது. விளக்கைப் பெரிதாக்கி வைத்த அதே திரையைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை மாடியின் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள், விளக்கு துள்ளும். தளத்தின் நடுவை விட்டு, சுவரும் தூணும் சந்திக்கும் மூலைக்கு மேலே டிரைபாட்டை நிறுத்துங்கள். படம் ஓடும்போது கீழே இறங்கிவிடுங்கள், அல்லது அசையாமல் உட்காருங்கள். எவரெஸ்ட்டின் தனித் தூணுக்கு நம்மால் முடிந்த மாற்று அதுதான்.

மண் தரையானால் இரப்பர் பாதத்தை நீக்கி இரும்பு முனையை ஊன்றுங்கள்; மணலானால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல். துருவத்தை நேராக்கிய பிறகு ஒரு கால் 1 மில்லிமீட்டர் இறங்கினால் அச்சு மூன்றரைக் கலை விலகும். அதற்குப் பிறகு 200 மில்லிமீட்டர் லென்ஸில் நாலு நிமிடத்துக்கு மேல் விண்மீன் புள்ளியாக நிற்காது. ஆகவே கருவிகளை எல்லாம் ஏற்றிப் பத்து நிமிடம் நிற்கவிட்டு, அதன் பிறகே துருவத்தைப் பாருங்கள். மாடியில் ஒரு நாள் சரியாக அமைந்துவிட்டால், மூன்று பாதங்களைச் சுற்றியும் பெயிண்டால் வட்டம் போட்டு, எது வடக்குக் கால் என்று ஒரு குறியும் இட்டுவிடுங்கள். அடுத்த அமாவாசைக்குப் பாதி வேலை மிச்சம்.